எரிமேட்டு நாட்டின் அறுபதாயிரம் வீரர்கள்

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமையும் போர் தொடங்கவில்லை.

நரசிம்மலு மேசை மேல் நான்கு சார்ட் காகிதங்களை ஒட்டிய வரைபடத்தை விரித்து, நான்கு மூலைக்கும் கணினிப் புத்தகங்களை வைத்து அழுத்தி, தொண்டையைச் செருமிக்கொண்டு வாசிக்க ஆரம்பித்திருந்தான். “எரிமேட்டு நாட்டின் அறுபதாயிரம் வீரர்கள், இருபதாயிரம் குதிரைகளோடு, முள்கோட்டையின் வாசலில் அணிவகுத்து நின்றார்கள்…”

எதிரே உட்கார்ந்திருந்த ஈஸ்வரமூர்த்தி ஆள்காட்டி விரலை லேசாகத் தூக்கினார். வகுப்பில் சந்தேகம் கேட்கிற பையன் மாதிரி, அவ்வளவு மரியாதையாக.

“ஏனுங்க, ஒண்ணு கேட்டுப்போடலாமுங்களா?”

நரசிம்மலு காகிதத்தைக் கீழே வைத்தான். “கேளுங்க.”

“இந்த நாட்டுல மொத்தம் எத்தனை சனமுங்க?”

“ஒரு லட்சம். போன வாரமே சொன்னேன்.”

“சொன்னீங்க. அதைத்தான் வாரம் பூரா நெனச்சுட்டே இருந்தேனுங்க. லட்சத்துல பாதி பொம்பளைங்க. மிச்சம் அம்பதாயிரம் ஆம்பளைங்க. அதுல கைக்குழந்தை, பள்ளிக்கூடத்துப் பசங்க, எந்திரிச்சு நடக்க முடியாத பெரியவங்களைக் கழிச்சா இருபத்தஞ்சாயிரம் தேறுமுங்க. நீங்க அறுபதாயிரம் பேரை நிறுத்தி வெச்சிருக்கறீங்க. பாக்கி முப்பத்தஞ்சாயிரம் பேரு யாருங்க?”

குத்தூஸ் வாயை மூடிக்கொண்டு சிரித்தான். அவன் தங்கை சித்திகா ஏற்கெனவே தாளில் கூட்டிக் கழித்து முடித்திருந்தாள்.

“இது கதைங்க,” என்றான் நரசிம்மலு. “இந்த நாட்டுல யாளி பறக்குது. அதை ஒத்துக்கறீங்க. சனத்தொகையை மட்டும் ஒத்துக்க மாட்டேங்கறீங்களே!”

“யாளி பறக்கட்டுமுங்க, எனக்கென்ன. அது எதைத் தின்னுட்டுப் பறக்குதுன்னுதான்…” என்று ஈஸ்வரமூர்த்தி இழுத்தார்.

நரசிம்மலு வரைபடத்தைச் சுருட்டினான்.

அவனுக்கு இருபத்தெட்டு வயது. பீளமேட்டில் மோட்டார் பம்ப்புக்கு வார்ப்படம் போடும் அவர்கள் குடும்பத்துப் பட்டறையில் காலை எட்டு முதல் மாலை ஆறு வரை அவனுக்கு வேலை. அமெரிக்காவுக்குப் படிக்கப்போன சித்தப்பா மகன் இரண்டு வருடத்துக்கு முன் விடுமுறையில் வந்தபோது ஒரு தடித்த விளையாட்டுப் புத்தகத்தைக் கொண்டு வந்தான். ஒருவர் ஒரு உலகத்தைக் கட்ட வேண்டும். மற்றவர்கள் அதில் படைத்தலைவனாகவோ, மந்திரவாதியாகவோ, ராணியாகவோ இருந்துகொண்டு என்ன செய்வார்கள் என்று சொல்ல வேண்டும். வெற்றியா தோல்வியா என்பதைப் பகடை சொல்லும். அவ்வளவுதான் ஆட்டம். சித்தப்பா மகன் திரும்பிப் போவதற்குள் நரசிம்மலு முன்னூற்றுச் சொச்சம் பக்கங்களையும் ஜெராக்ஸ் எடுத்துவிட்டான். அதற்கு வேண்டிய இருபது முகப் பகடை கோயமுத்தூரில் எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை. பட்டறையில் மர அச்சு செதுக்கும் செங்கோடனிடம் படத்தைக் காட்டி அச்சு செய்து வாங்கி, அலுமினியத்தில் வார்த்துக்கொண்டான். அது அடிக்கடி பதினான்கு விழும். யாரும் குறை சொன்னதில்லை.

அப்புறம் இரண்டு வருடம் எரிமேட்டு நாட்டைக் கட்டினான். மலைகள், ஆறுகள், அரச வம்சம், பதினேழு தலைமுறை, கோட்டைகளின் வாசல் எந்தத் திசை என்பது வரை. கல்லூரித் தோழன் அப்துல் குத்தூஸ் காந்திபுரத்தில் மாடியில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்தான். ஞாயிறு மதியத்துக்கு மேல் வகுப்பு கிடையாது. அங்கேதான் ஆட்டம். குத்தூஸ் மந்திரவாதி. மேல்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்த சித்திகா எரிமேட்டு ராணி. இரண்டு பேர் போதவில்லை என்று குத்தூஸ் கூட்டி வந்தவர்தான் ஈஸ்வரமூர்த்தி. அன்னூர்ப் பக்கம் விவசாயம். ஒரு கூட்டுறவு விற்பனைச் சங்கத்தில் எழுத்தர். கம்ப்யூட்டரில் கணக்கு எழுதும் லோட்டஸ் மென்பொருளைக் கற்றுக்கொள்ள ஞாயிறு வகுப்புக்கு வந்து, வகுப்பு முடிந்தும் எழுந்து போகாமல் வேடிக்கை பார்த்தவர். முள்கோட்டைத் தளபதி வேடத்தை அவருக்குக் கொடுத்தார்கள்.

கொடுத்த நாளிலிருந்து தளபதி வாளை உருவவேயில்லை. கேள்விதான் கேட்டார்.

முதல் வாரம் குதிரை. “ஒரு குதிரைக்கு நாளைக்குப் பத்துக் கிலோ தீனின்னு வெச்சாலும் இருபதாயிரம் குதிரைக்கு இருநூறு டன்னுங்க. வண்டிக்கு ஒரு டன்னுன்னு தாராளமா ஏத்துனாலும் தெனமும் இருநூறு வண்டி வந்து நிக்கோணும். அந்தியூர்ச் சந்தைக்குப் போயிருக்கறீங்களா? அங்க நிக்கற குதிரையைப் பாத்தாலே கண்ணு நெறஞ்சுரும். இருபதாயிரம்னா என்னன்னு யோசிச்சுப் பாருங்க.” இரண்டாம் வாரம் சோளம். மூன்றாம் வாரம் இது.

அன்று மாலை படியிறங்கும்போது நரசிம்மலு குத்தூஸைப் பிடித்துக்கொண்டான். “அவரை வர வேண்டாம்னு சொல்லிடு.”

“நான் எப்படிடா சொல்றது? ஸ்டூடண்ட்.”

“ரெண்டு வருஷம்டா. ரெண்டு வருஷம் உக்காந்து பண்ணினேன். அந்த ஆளு விரலைத் தூக்கினாலே எனக்கு வாசிக்க வந்ததே மறந்துபோகுது.”

பின்னால் வந்துகொண்டிருந்த சித்திகா நின்றாள். “அவரு கேக்கறது சரிதானே நரசிம்மண்ணா? எனக்கும் மொதல்லயே தோணுச்சு. நான் அந்த நாட்டுக்கு ராணி. இல்லாத முப்பத்தஞ்சாயிரம் பேருக்கு நான் என்ன உத்தரவு போடறது?”

“நீயுமா?”

“அவரை வர வேண்டாம்னா நானும் வரலை,” என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனாள்.

எனவே நேரிலேயே போய்ச் சொல்லிவிடுவது என்று நரசிம்மலு முடிவு செய்தான். நயமாக, ஆனால் தெளிவாக. “உங்களுக்கு இந்த ஆட்டம் ஒத்து வராதுங்க” என்று. வழியெல்லாம் மொபெட்டில் அதை இரண்டு மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனான். செவ்வாய்க்கிழமை, பட்டறையில் லீவு சொல்லியிருந்தான். மே மாதம். தேர்தல் முடிந்தும் சுவரெல்லாம் சின்னங்கள் அழியாமல் இருந்தன. வடக்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

ஈஸ்வரமூர்த்தி சங்கத்துக்கு லீவு போட்டுவிட்டுத் தோட்டத்தில் இருந்தார். மூன்று ஏக்கர் நிலக்கடலை. முந்தின வாரம் பெய்த கோடை மழையில் மண் இளகிக் கிடந்தது. செடியைப் பிடுங்கிக்கொண்டிருந்தவர்கள் மொத்தம் ஐந்து பேர். அதில் ஒருவர் ஈஸ்வரமூர்த்தி, ஒருவர் அவர் மனைவி ராசாத்தாள்.

“வாங்க, வாங்க!” ஈஸ்வரமூர்த்தி நிமிர்ந்தார். முகத்தில் உண்மையான சந்தோஷம். நரசிம்மலுவுக்கு அதுவும் எரிச்சலாக இருந்தது. “கண்ணு, நான் சொன்னனே, எரிமேட்டு நாட்டுக்காரரு, அவருதான்.”

ராசாத்தாள் முழங்கையால் நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டு அவனை மேலும் கீழும் பார்த்தாள். “நல்லதாப் போச்சுங்க. மழை இறங்கறதுக்குள்ள ஒரு சால், இந்த ஒரு வரிசை, புடுங்கிக் குடுத்துப்போட்டுப் பேசலாமுங்க. ஆளே கெடைக்கலை.”

“நான் ஒரு விஷயம் பேசிட்டுப் போலாம்னு…”

“புடுங்கிட்டே பேசுங்க.”

பேசுவதற்காகத்தான் நரசிம்மலு குனிந்தான். குனிந்தபின் பேச முடியவில்லை. கால் மணி நேரத்தில் இடுப்பு விண்ணென்று தெறித்தது. செடியைக் கொத்தாகப் பிடித்து இழுத்தால் இலை கையோடு வந்தது, காய் மண்ணுக்குள்ளேயே நின்றது. ராசாத்தாள் ஒன்றும் சொல்லாமல் அவன் விட்டுப்போன காய்களைக் களைக்கொத்தால் கிளறி எடுத்துக்கொண்டு பின்னால் வந்தாள். அது இன்னும் அவமானமாக இருந்தது.

“ஊர்ல ஆளே இல்லீங்களா?” என்று கடைசியில் கேட்டுவிட்டான்.

“எங்கூருல முன்னூத்திப் பத்துப் பேருங்க,” என்றார் ஈஸ்வரமூர்த்தி, கை நிற்காமல். “காட்டு வேலை செய்யத் தெம்புள்ளவங்க நூத்தி நாப்பது பேரு. வெடியால ஆறு மணிக்குத் திருப்பூர்ல இருந்து பனியன் கம்பெனி பஸ் வருது. நாப்பத்திரண்டு பேரு ஏறிப் போறாங்க. மிச்சப் பேருக்கு அவங்கவங்க காடு இருக்குது, ஆடு மாடு இருக்குது. ஒரே வாரத்துல எல்லாத் தோட்டத்துலயும் கடலைக்காய் புடுங்கோணும். அப்பறம் எங்கிருந்து ஆளு வரும்?”

“போக வேண்டாம்னு சொல்லக் கூடாதா?”

“எப்படிங்க சொல்றது?” என்றாள் ராசாத்தாள் சட்டென்று. “என் தங்கச்சியும்தான் போறா. நெழல்ல உக்காந்து தைக்கற வேலை. வெயில்ல வந்து இதைப் புடுங்குன்னு எந்த வாய்ல சொல்லட்டும்?”

ஈஸ்வரமூர்த்தி நிமிர்ந்து, வானத்தைப் பார்த்தார். அவர் குரலில் முதல் முறையாகப் பொறுமை போயிருந்தது.

“இதைத்தாங்க நான் மூணு வாரமாச் சொல்லிட்டு இருக்கறேன். உங்களைக் குத்தம் சொல்லோணும்னு இல்லீங்க. நாப்பத்திரண்டு பேரு. பொழுதோட எல்லாரும் ஊட்டுக்குத் திரும்பி வந்தர்றாங்க, சோறு திங்கறாங்க, நல்லாத்தான் இருக்கறாங்க. அதுக்கே என் காடு இப்படிக் கெடக்குது. உங்க ராணி கூட்டிட்டுப் போற ஆளுக திரும்பி வர்றதுகூட இல்லையே! அந்த ஊரு என்னாகும்னு நீங்க ஒரு வரிகூட எழுதலை. குதிரைக்குக் கவசம் என்ன நெறம்னு எழுதியிருக்கறீங்க.”

நரசிம்மலு குனிந்து அடுத்த செடியைப் பிடித்தான். வர வேண்டாம் என்று சொல்ல வந்ததைச் சொல்லவில்லை. மூன்று மணிக்கு மழை இறங்கியபோது இரண்டு ஏக்கர் முடிந்திருந்தது. மூன்றாவது ஏக்கரில் நான்கு நாள் தண்ணீர் நின்று காய் மண்ணுக்குள்ளேயே முளைவிட்டுவிட்டது என்று அடுத்த வாரம் குத்தூஸ் சொல்லித் தெரிந்துகொண்டான்.

அதன் பிறகு ஆறு வாரம் ஆட்டம் இல்லை. நரசிம்மலு நாட்டைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தான். பிரியமாகச் செய்தான் என்று சொல்ல முடியாது. பல்லைக் கடித்துக்கொண்டு செய்தான். ஒரு குடும்பத்துக்கு ஐந்து பேர். ஒரு ஜோடி மாட்டை வைத்துக்கொண்டு மானாவாரியில் ஆறு ஏக்கர் ஓட்டலாம். ஏக்கருக்கு மூன்று மூட்டை சோளம் வந்தால் பெரிது. பதினெட்டு மூட்டையில் குடும்பம் பத்து தின்னும். விதைக்கும் எலிக்கும் இரண்டு மூன்று போகும். மிச்சம் இருக்கிற ஐந்தில்தான் கொல்லன், குயவன், நெசவாளி, கோயில், அரண்மனை. அதற்கெல்லாம் பிறகு சிப்பாய். பட்டறையில் மதிய இடைவேளையில் கால்குலேட்டரைத் தட்டித் தட்டி அவன் கண்டுபிடித்த விடை, வருடம் முழுக்க வைத்துச் சோறு போடக்கூடிய படை தொள்ளாயிரம் பேர். குதிரை நூற்றிருபது. அறுப்பு முடிந்த இரண்டு மாதம் மட்டும் ஊர்களிலிருந்து ஒரு மூவாயிரம் பேரைக் கூப்பிடலாம்.

தொள்ளாயிரம் பேர்! பதினேழு தலைமுறை அரச வம்சத்துக்கு, ஒரு கல்யாண மண்டபத்தில் உட்கார வைத்துச் சாப்பாடு போட்டுவிடக்கூடிய படை. நரசிம்மலு அந்த எண்ணுக்குக் கீழே இரண்டு கோடு போட்டான்.

அப்புறம் ஈஸ்வரமூர்த்தியைப் பழி வாங்குவது என்று முடிவு செய்தான்.

ஆனி மாதத்து ஞாயிறு ஒன்றில் நால்வரும் மறுபடி கூடினார்கள். புது வரைபடத்தில் ஒவ்வொரு ஊருக்கும் பக்கத்தில் பென்சிலால் எண் எழுதியிருந்தது. ஈஸ்வரமூர்த்தி குனிந்து முள்கோட்டையைச் சுற்றியிருந்த பதினொரு ஊர்களையும் ஒவ்வொன்றாகப் படித்தார். “நல்லாருக்குதுங்க,” என்றார் மெதுவாக.

“இருக்கும், இருக்கும்,” என்றுவிட்டு நரசிம்மலு வாசிக்கத் தொடங்கினான். “எதிரியான தொலைகரை நாட்டுப் படை நாலாயிரம் பேர், ஐந்நூறு குதிரை, நூறு வண்டியோடு கணவாயை நெருங்கிவிட்டது. இன்று முதல் நான்காம் நாள் முள்கோட்டையில் இருப்பார்கள். இது அறுவடை மாதம். கதிர் முற்றி நிற்கிறது.” காகிதத்தை வைத்துவிட்டு ஈஸ்வரமூர்த்தியைப் பார்த்தான். “இப்பச் சொல்லுங்க. ஆளைக் கூப்பிடுவீங்களா, கதிரை அறுப்பீங்களா?”

ஈஸ்வரமூர்த்தி ஒரு நொடிகூட யோசிக்காமல் ராணியின் பக்கம் திரும்பினார். “மூவாயிரம் பேரையும் கோட்டைக்குக் கூப்பிடுங்க அம்மணி!”

மூன்று பேரும் அவரையே பார்த்தார்கள்.

“கதிரு?” என்றாள் சித்திகா.

“கதிரு கெடக்குது! கோட்டை போயிருமுங்க. நான் அதுக்குத் தளபதிங்க.”

“ஒரு ஏக்கர் கடலைக்காய்க்கு அன்னிக்கு என்ன பேச்சுப் பேசுனீங்க!” நரசிம்மலு கிட்டத்தட்ட எழுந்து நின்றுவிட்டான். “மூணு வாரம் என் உசிரை எடுத்தீங்களே!”

“அது வேறைங்க. இது என்ற கோட்டை.”

குத்தூஸ் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கினான். சித்திகா சிரிக்கவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு பென்சிலால் ஊர்ப் பெயர்களுக்கு நேரே என்னவோ எழுதிக்கொண்டிருந்தாள். பத்து நிமிடத்தில் கூட்டிப் பார்த்து முடித்தாள்.

“கணவாய்க்குப் பக்கத்து மூணு ஊர்ல இருந்து நானூறு பேர் மட்டும். அவங்க ஜெயிக்க வேண்டாம். நாலு நாளை எட்டு நாளாக்கினா போதும். மத்த எல்லாரும் கதிரை அறுக்கட்டும். பதமா இருந்தாலும் இல்லாட்டியும் அறுக்கட்டும்.”

“அறுத்து?” என்றான் நரசிம்மலு.

“வண்டியில ஏத்தித் தெற்கே அனுப்பட்டும். கோட்டைத் தானியக் குதிர்ல இருக்கறதையும் சேர்த்து. வைக்கோல் ஒரு கட்டு மிச்சம் வைக்கக் கூடாது. அப்புறம் தளபதியும் அவர் சிப்பாய்களும் கோட்டையை விட்டு வெளியே வந்துடட்டும்.”

“கோட்டையைத் தொறந்து போட்டுட்டா?” ஈஸ்வரமூர்த்தி நாற்காலியைப் பின்னால் தள்ளினார். “சண்டையே போடாம?”

“ராணி உத்தரவுங்க.”

பகடை உருண்டது. குத்தூஸின் மந்திரவாதி கணவாயில் மூடுபனியை இறக்கினான். பதினான்கு விழுந்தது, வழக்கம்போல. நானூறு பேரும் பாறைகளுக்குப் பின்னால் பதுங்கி எட்டு நாள் வழியை மறித்தார்கள். ஒன்பதாம் நாள் பின்வாங்கினார்கள். நரசிம்மலு விதிப்புத்தகத்தைப் பார்த்துச் சேதத்தைக் கணக்கிட்டான். “முப்பத்தெட்டுப் பேர் செத்துட்டாங்க. பரவாயில்லை, ரொம்பக் கம்மி.”

“எந்த ஊர்க்காரங்க?” என்று கேட்டது இந்த முறை சித்திகா.

எரிமேட்டு நாட்டின் பழைய போர்களை எழுதும்போது அவன் ஒரே மாலையில் ஆறாயிரம் பேரைக் கொன்றிருக்கிறான். யாரும் அப்படிக் கேட்டதில்லை. அழிரப்பரை எடுத்துக்கொண்டு மூன்று ஊர்களையும் பார்த்தான். ஒன்றில் பதின்மூன்று, இன்னொன்றில் பதினொன்று. மீதிப் பதினான்கு பேர் தாழம்பள்ளத்தில். மொத்தமே முன்னூறு பேர் உள்ள ஊர் அது. எண்ணை அழித்து இருநூற்றி எண்பத்தாறு என்று எழுதினான். ஈஸ்வரமூர்த்தி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

“சரி,” என்றான் நரசிம்மலு, குரலை உயர்த்தி. “தொலைகரைப் படை முள்கோட்டையில் நுழைகிறது. ஒரு அம்புகூட விழவில்லை. கொடி ஏறிவிட்டது. அவ்வளவுதான், கோட்டை போச்சு.” இவ்வளவு நாளில் முதல் முறையாக அவனுக்கு மனம் குளிர்ந்தது. ஈஸ்வரமூர்த்தி ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

“அண்ணா,” என்றாள் சித்திகா. “உங்க படைக்கு இன்னிக்கு என்ன சாப்பாடு?”

“என்ன?”

“நாலாயிரம் பேரு. ஆளுக்கு முக்காக் கிலோன்னா மூணு டன். ஐந்நூறு குதிரைக்கு அஞ்சு டன். ஒரு நாளைக்கு எட்டு டன் வேணும். நூறு வண்டின்னு வாசிச்சீங்க. கணவாயில ஏறற வண்டி அரை டன்னுக்கு மேல இழுக்காது. மொத்தம் அம்பது டன். ஆறு நாளைக்கு வரும். எட்டு நாள் கணவாயிலயே உக்காந்திருந்தாங்களே?”

நரசிம்மலு தொலைகரைக் கணக்குக்காகத் தாள்களைப் புரட்டினான். அப்படி ஒரு தாளே இல்லை. எரிமேட்டு நாட்டுக்கு ஆறு வாரம் கணக்குப் போட்டவன் எதிரி நாட்டுக்கு ஒரு வரி போடவில்லை. நாலாயிரம் என்பது அவன் மனதில் தோன்றிய எண். நூறு வண்டி என்பது வாசிக்க நன்றாக இருந்ததால் எழுதியது.

“பின்னாடி இருந்து வண்டி வரும்,” என்றான்.

“எந்த வழியா? எத்தனை நாள்ல? அந்த வண்டி மாடு என்ன திங்கும்?”

ஈஸ்வரமூர்த்தி ஜன்னலிலிருந்து திரும்பிவிட்டார். “நூறு வண்டிக்கு இருநூறு மாடுங்க,” என்றார் ஆவலாக. “சுத்துப்பட்டுல ஒரு புடி வைக்கோல்கூட இல்லீங்களே.”

“பட்டினியோடவே துரத்திட்டு வருவாங்க!”

“வரட்டுமுங்க. எத்தச்சோடு தூரம் வருவாங்கன்னு பகடையை உருட்டுங்க.”

நரசிம்மலு உருட்டவில்லை. அலுமினியப் பகடையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வரைபடத்தைப் பார்த்தான். எந்தப் பக்கம் திரும்பினாலும் கணக்கு இடித்தது. குதிரைகளை வெட்டித் தின்றால் இன்னும் கொஞ்ச நாள் தாங்கலாம். அப்புறம் கணவாயை நடந்தே தாண்ட வேண்டும். அவன் இரண்டு மாதத்துக்குத் திட்டமிட்டிருந்த முற்றுகை, எதிரிப் படை கோட்டைக்குள் நுழைந்த அன்றைக்கே முடிந்துபோயிருந்தது.

“திரும்பிப் போயிட்டாங்க,” என்றான் கடைசியில், யார் முகத்தையும் பார்க்காமல். “மூணாம் நாள். போறப்போ வாசக் கதவைக் கொளுத்திட்டுப் போயிட்டாங்க. போதுமா?”

குத்தூஸ் கைதட்டினான். சித்திகா பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, டீ சொல்லிவிட்டு வருகிறேன் என்று எழுந்தாள். ஈஸ்வரமூர்த்தி மட்டும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“ஏனுங்க, கதவு புதுசாப் போடோணுமுங்களே. அந்தப் பக்கம் தேக்கு இருக்குதுங்களா?”

“அடுத்த வாரம் ஆட்டம் கெடையாது,” என்றான் நரசிம்மலு. “அதுக்கடுத்த வாரமும் கெடையாது. தொலைகரை நாட்டுக்கு மொதல்ல இருந்து கணக்குப் போடணும். எத்தனை ஊரு, எத்தனை ஏர், எல்லாம். நீங்க புதன்கிழமை சங்கத்துல இருப்பீங்களா?”

“இருப்பேனுங்க. அஞ்சு மணிக்கு மேல வாங்க.”

“வாரேன். தாழம்பள்ளத்துல பதினாலு பேர் போயிட்டாங்களே, அடுத்த வெதைப்புக்கு அந்த ஊர் என்ன பண்ணும்?”

ஈஸ்வரமூர்த்தி வரைபடத்தில் அந்த ஊரைத் தேடிப் பிடித்து அதன் மேல் விரலை வைத்தார். “பக்கத்து ஊர்க்காரங்க வந்து ஓட்டிக் குடுப்பாங்க,” என்றார். “ஒரு வருஷம். அதுக்கு மேல நின்னு யாரும் குடுக்க மாட்டாங்க. பாதிக் காடு தரிசாப் போயிருமுங்க.”

நரசிம்மலு சலித்துக்கொண்டே பென்சிலைத் தேடினான். சித்திகா எடுத்துக்கொண்டு போயிருந்தாள். குத்தூஸின் சட்டைப் பையிலிருந்த பேனாவை உருவி, தாழம்பள்ளத்துக்குப் பக்கத்தில் ‘பாதி தரிசு’ என்று எழுதினான்.